ரோண்டா கதவைச் சாத்த மறுத்த விசாரணை

ரோண்டா கெப்ஹார்ட் எனக்கு ஆயிரத்து நானூறு டாலர் கடன்பட்டிருந்தாள். வாங்கியவள் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். கொடுத்தவன் அந்த பஸ்ஸின் சொந்தக்காரன், அதாவது நான். தன் மகளின் மூளையை ஒரு வெளியாள் அளந்து பார்க்க வேண்டும் என்று வாங்கினாள். இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். இப்போது யாரும் சிரிப்பதில்லை.

என் பெயர் வெர்ன் ஸ்டிட்லர். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு மர மில்லில் பலகை அடுக்கினேன். முப்பது வயதில் ஏலத்தில் ஓடாத பஸ் ஒன்றை வாங்கி, எஞ்சினை நானே பிரித்து நானே மாட்டி ஓட வைத்தேன். இன்றைக்குப் பென்சில்வேனியாவின் இந்த மலைப் பக்கத்தில் பாதிப் பிள்ளைகள் ஸ்டிட்லர் என்று பக்கவாட்டில் எழுதிய பஸ்ஸில்தான் பள்ளிக்குப் போகிறார்கள். என்னைவிட ஒழுங்காகப் பிள்ளைகளைக் கொண்டு சேர்ப்பேன் என்று யாராவது சொன்னால் வரட்டும். ஜனவரி மாதம் பைன் ஹாலோ மேட்டில், உறைந்த பனியில் டயரில் சங்கிலி மாட்டிக்கொண்டு நிற்கிறேன். பார்த்துவிடலாம். ஆனால் இது என் கதை இல்லை. என்னிடம் வேலை பார்த்தவர்களில் எனக்கு அடங்காத ஒரே ஆளின் கதை.

ரோண்டாவின் அப்பன் காட்டில் மரம் வெட்டியவன். ஒரு நாள் உருண்ட கட்டையில் இடது கால் நசுங்கிப்போய் வீட்டோடு உட்கார்ந்துவிட்டான். அம்மா சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தாள். தொழிற்சாலையை மூடியதும் முதியோர் விடுதியில் படுக்கை விரிக்கப் போனாள். ரோண்டா பதினொன்றாம் வகுப்பு பாதியில் பிள்ளையுண்டாகிப் பள்ளியை விட்டாள். அதற்குக் காரணமான பையன் தென்பக்கம் எங்கோ வேலை கிடைத்தது என்று போனவன், போனவன்தான். பிறந்தது பெண். டெஸ்ஸா என்று பெயர் வைத்தாள்.

டெஸ்ஸாவுக்கு ஐந்து வயதாகும்போது ரோண்டா என் ஷெட்டுக்கு வந்தாள். நான் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். அவள் பூட்ஸ் மட்டும்தான் தெரிந்தது.

"ஆள் வேணும்னு போர்டு போட்டிருக்கீங்க."

"பஸ் ஓட்டத் தெரியுமா?"

"அப்பாவோட மரலாரி ஓட்டியிருக்கேன்."

"லைசென்ஸ் வெச்சுக்கிட்டா?"

"அப்ப இல்ல. இதுக்கு வாங்கிடறேன்."

"லாரியில கட்டை பேசாம வரும், பொண்ணே. பஸ்ல பசங்க கத்துவானுங்க."

"நான் ஒரு தடவை பேசினா அப்புறம் கத்த மாட்டானுங்க, மொதலாளி."

அந்த மொதலாளியை அவள் மரியாதைக்குச் சொன்னாளா, கேலிக்குச் சொன்னாளா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

சொன்னபடியே செய்தாள். ஒரு முறை, வண்டிக்குள் எச்சில் துப்பிய ஒரு பையனை முன் இருக்கையில் உட்கார வைத்தாள். மறுநாள் காலை அவன் அப்பன், மலை மாதிரி ஆள், நிறுத்தத்தில் வந்து நின்று ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு கத்தினான். ரோண்டா கியரைப் போட்டாள். "காலை எடுக்கறியா, இல்ல காலை மட்டும் கூட்டிக்கிட்டுப் போகவா? ஸ்கூலுக்கு நேரமாச்சு." காலை எடுத்தான். அதற்குப் பிறகு அந்தப் பையன்தான் வண்டியைக் கூட்டி வைப்பான்.

டெஸ்ஸா அம்மாவுக்குப் பின்னாலிருக்கும் இருக்கையில் உட்கார்ந்து விடியுமுன்னே பள்ளிக்குப் போவாள், கடைசியில் இறங்குவாள். எலும்பும் தோலுமான பெண். வாய் மட்டும் அம்மாவுடையது. மூன்றாம் வகுப்பில் ஆசிரியை கொடுக்கும் கணக்குத் தாளை மற்றவர்கள் பெயர் எழுதி முடிப்பதற்குள் முடித்துவிடுவாள். முடித்துவிட்டுத் தாளின் பின்பக்கம் இன்னும் கடினமான கணக்குகளைத் தானே எழுதி, அதையும் போட்டு, ஆசிரியையிடம் கொண்டுபோய், "முன்பக்கம் உங்களோடது, பின்பக்கம் என்னோடது, ரெண்டையும் திருத்துங்க" என்பாள். அந்த ஆசிரியை நல்ல மனுஷிதான். இருபத்தாறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? இவளைச் சும்மா வைத்திருக்க ஒரு வேலை கொடுத்தாள்.

அந்த வேலை என்ன என்று ரோண்டாவுக்குப் பல நாள் தெரியவில்லை. தினமும் பெண்ணின் விரல்கள் கரியாக இருந்தன. ஒரு நாள் மாலை, நான் டயர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஷெட்டில் வைத்துக் கேட்டாள்.

"என்னடி இது, அடுப்புக்குள்ள கையை விட்டியா?"

"பென்சில் சீவினேன்."

"யாரோடது?"

"எல்லாரோடதும். நான் முடிச்சதும் டீச்சர் டப்பாவைக் குடுப்பாங்க. எல்லாத்தையும் சீவி முடிச்சா, நாலாம் கிளாஸ்லேர்ந்தும் ஒரு டப்பா வரும்."

ரோண்டா பெண்ணின் கையைப் பிடித்து ஷெட் குழாயில் கழுவிவிட்டாள். அந்தக் குழாயில் தண்ணீர் பனிக்கட்டியாட்டம் வரும். பெண் கத்தினாள். ரோண்டாவுக்குக் காதில் விழவில்லை.

மறுநாளே பள்ளிக்குப் போய், என் பெண்ணைச் சோதித்துப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தாள். எங்கள் மாநிலத்தில் அது சட்டம். பெற்றவர்கள் கேட்டால் பள்ளி சோதிக்க வேண்டும். பிள்ளை மற்றவர்களைவிட ரொம்ப முன்னால் இருந்தால், அந்தப் பிள்ளைக்கென்றே தனியாக ஒரு படிப்புத் திட்டம் எழுதி, அதன்படி நடத்தவும் வேண்டும். பள்ளியின் உளவியலாளர் வந்து டெஸ்ஸாவை ஒரு அறையில் உட்கார வைத்துச் சோதித்தார். முடிவு வந்தது: அறிவுத்திறன் எண் நூற்று இருபத்தேழு. கூடவே ஒரு வரி: எங்கள் கல்வி மாவட்டத்தில் நூற்று முப்பது இருந்தால்தான் மேற்கொண்டு பார்ப்போம்.

"மூணு மார்க்காமே, ரோண்டா?" என்று முடி வெட்டும் கடையில் ஒருத்தி கேட்டாளாம். "பக்கத்துப் பொண்ணைப் பாத்து எழுதச் சொல்லியிருக்கலாமே!"

ரோண்டாவிடம் ஒரு பழக்கம் உண்டு. அவமானப்பட்டால் அழமாட்டாள், வாசிப்பாள். காலை ஓட்டத்துக்கும் மாலை ஓட்டத்துக்கும் நடுவே ஊர் நூலகத்துக் கணினியில் உட்கார்ந்து மாநில விதியை முழுசாக வாசித்தாள். புரியாத இடத்தை மறுபடி வாசித்தாள். ஒரு நாள் ஷெட்டுக்கு வந்து, கரிப் பீப்பாய் மேல் உட்கார்ந்து, எனக்கும் வாசித்துக் காட்டினாள். சட்டத்து மொழி எனக்கு ஏறாது. அதனால் அவள் சொன்னதைச் சொல்கிறேன்.

"இங்க பாருங்க மொதலாளி. நூத்தி முப்பதுக்குக் கீழ வந்துச்சுன்னு அந்த ஒரு நம்பரை மட்டும் காட்டி எந்தப் பிள்ளையையும் தள்ளக் கூடாது. கிளாஸ்ல என்ன பண்றா, எத்தனை வகுப்பு முன்னாடி போறா, டீச்சர் என்ன சொல்றாங்க, எல்லாத்தையும் பாக்கணும். கை மெதுவா வேலை செய்யுதுன்னும் தள்ளக் கூடாது. இவ மார்க்கு குறைஞ்சதே அங்கதான். டைம் வெச்சு செய்யற பகுதியில."

"ஏன் மெதுவா செஞ்சா?"

"கேட்டேன். 'அவசரப்பட்டா தப்பு வரும், அதான் நிதானமா செஞ்சேன்'ங்கறா."

"அப்ப சட்டம் உன் பக்கம்தானே. இன்னும் என்ன?"

"சட்டம் என் பக்கம் இருந்தா? அது எழுந்து ஸ்கூலுக்கு நடந்து போகுமா? நான்தான் தூக்கிட்டுப் போகணும்."

பல்கலைக்கழக ஊரில் ஒரு உளவியலாளர் இருக்கிறார், முழு நாள் உட்கார்ந்து பிள்ளையைப் பார்த்து அறிக்கை எழுதுவார், ஆயிரத்து நானூறு டாலர் என்றாள். நான் மேசை இழுப்பறையைத் திறந்தேன். என்னிடம் எப்போதும் ரொக்கம் இருக்கும். வங்கிக்காரனிடம் பல்லைக் காட்டி நின்ற காலம் எனக்கு எப்போதோ முடிந்துபோனது.

"வெச்சுக்கோ. திருப்பித் தரவேண்டாம்."

அவள் எழுந்துவிட்டாள். "கடன்னா வாங்கிக்கறேன். தானம்னா நடையைக் கட்டறேன்."

"சரிடியம்மா, கடன்!"

வெளி உளவியலாளரின் அறிக்கை வந்தது. கணக்கில் இந்தப் பெண் தன் வகுப்பைவிட மூன்று வகுப்பு மேலே இருக்கிறாள், வாசிப்பில் அதற்கும் மேலே, பள்ளி உடனே இவளுக்கென்று திட்டம் எழுத வேண்டும் என்று இருந்தது. ரோண்டா அதைக் கல்வி மாவட்டத்துக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தாள். லோவெல் ஹாஸ்கின்ஸ் என்று பெயர், பெயருக்கு முன்னால் டாக்டர். அவர் வாசித்தார், நன்றி சொன்னார், எங்கள் நிலை மாறவில்லை என்று பதில் எழுதினார். ரோண்டா முறையான விசாரணை வேண்டும் என்று மாநிலத்துக்கு எழுதிப் போட்டாள். அப்படிக் கேட்டால் நடுநிலையான அதிகாரி ஒருவர் வந்து இரண்டு தரப்பையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார்.

அந்த வாரமே ஹாஸ்கின்ஸ் என் ஷெட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி டோனட். என் ஷெட்டுக்கு அவர் அதற்கு முன் வந்ததே கிடையாது.

"வெர்ன், எப்படி இருக்கீங்க? தொழில் எப்படிப் போகுது?"

"உங்க ஆபீஸ் செக் வர்ற வரைக்கும் நல்லாப் போகும், டாக்டரே."

சிரித்தார். ஒரு டோனட்டை எடுத்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். பீப்பாயைக் காட்டினேன். கால்சட்டையைப் பார்த்துக்கொண்டு, நின்றே பேசினார்.

"ரோண்டா உங்ககிட்ட வேலை பாக்கறா. நீங்க சொன்னா கேப்பா. ஒரு சின்னப் பிள்ளையை வெச்சு வக்கீல், விசாரணைன்னு போனா மாவட்டத்துக்கு எவ்வளவு செலவு தெரியுமா? ஒரு பிள்ளைக்குச் செஞ்சா அடுத்த பிள்ளையோட அம்மா வருவா. அதுக்கெல்லாம் பணம் எங்க இருக்கு?"

"வக்கீலுக்கு இருக்கே."

"வெர்ன்." இப்போது சிரிப்பில்லை. "மே மாசம் பஸ் கான்ட்ராக்ட் ஸ்கூல் போர்டு ஓட்டுக்கு வருது. நம்ம ஆள் ஒருத்தரே மாவட்டத்து மேல வழக்குப் போடறவங்களுக்குத் துணை நிக்கறார்னு போர்டுல யாராவது நெனச்சிட்டா, என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

நான் கையைத் துடைத்தேன். மெதுவாகத் துடைத்தேன். அவசரமாகக் கோபப்பட்டு ஏமாந்த காலமும் எனக்கு உண்டு, வயது அதைச் சரிசெய்துவிட்டது.

"டாக்டரே, எனக்கு ஊசி போடத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அந்த அளவுல நாம சமம். நீங்க அரைக்கால் சட்டை போட்ட காலத்துல பைன் ஹாலோ மேட்டுல உங்களை ஏத்திட்டுப் போனது என் பஸ்தான். அன்னைக்கு உங்க அம்மா ஒரு பிள்ளைக்காகப் பஸ் அவ்வளவு தூரம் வரணுமான்னு கேக்கல. ரூட்டை எடுத்துக்கறீங்களா? எடுத்துக்கங்க. ஜனவரியில அந்த மேட்டுக்கு வேற யாரை அனுப்புவீங்கன்னு நானும் பாக்கறேன். டோனட்டையும் எடுத்துக்கங்க. எனக்குச் சர்க்கரை."

சர்க்கரை வியாதி எனக்கு இல்லை. அவர் போனதும் பெட்டி முழுவதையும் தின்றிருப்பேன். ஆனாலும் எடுத்துக்கொண்டுதான் போனார்.

விசாரணைக்கு நாள் குறித்தது பள்ளியின் வக்கீல், தலைநகரத்து ஆள். நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாளுக்கு அடுத்த திங்கள், அன்று பள்ளி மூடியிருக்கும், கட்டடம் காலி, அமைதியாக நடத்தலாம் என்றார். பள்ளி ஏன் மூடியிருக்கும் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை போலிருக்கிறது. ஹாஸ்கின்ஸுக்குத் தெரியும். அது மான் வேட்டையின் முதல் நாள். அன்று எங்கள் பக்கத்தில் எந்த ஆணும் ஊரில் இருப்பதில்லை. மில் ஓடாது, கடை திறக்காது, செத்துப்போனவனைக்கூடச் செவ்வாய்க்கிழமைதான் புதைப்போம். ஊரே இல்லாத நாளில் விசாரணையை வைத்துவிட்டால் பார்க்க யார் வருவார்கள்? ஹாஸ்கின்ஸ் உடனே சரி என்றுவிட்டார்.

அதோடு ரோண்டாவைக் கூப்பிட்டு அன்பாகப் பேசினார். இந்த விசாரணையை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்பது விதி. பிள்ளையைப் பெற்றவர் கேட்டால் மட்டும் கதவைச் சாத்தலாம்.

"டெஸ்ஸாவோட நல்லதுக்குத்தான் சொல்றேன். மூடி நடத்தலாம்னு எழுதிக் குடுத்துடேன்."

"ஏன், என் பொண்ணுக்கு என்ன சொறியா, சிரங்கா, மூடி வெக்கறதுக்கு? தெறந்தே இருக்கட்டும்."

"உன் இஷ்டம்" என்று புன்னகைத்தாராம்.

பன்னிரண்டு வயதிலிருந்து மான் வேட்டை முதல் நாளில் நான் காட்டில் இல்லாமல் இருந்ததில்லை. நிமோனியா வந்த வருஷம்கூடப் போனேன், ஆறு கிளைக் கொம்பு மானோடு வந்தேன். அந்த வருஷம் துப்பாக்கியைச் சுவரிலேயே விட்டுவிட்டு, விடியுமுன் நான்காம் எண் பஸ்ஸைச் சூடேற்றிக்கொண்டு தீயணைப்பு நிலையக் கூடத்துக்குப் போனேன்.

முதல் நாளன்று வேட்டைக்காரர்களுக்கு அந்தக் கூடத்தில்தான் காலை உணவு. ஊர்ப் பெண்கள் எல்லோரும் நடுராத்திரியே வந்து பக்வீட் மாவு அப்பமும் இறைச்சி சாஸேஜும் சுடத் தொடங்குவார்கள். ஆண்கள் தின்றுவிட்டு இருட்டோடு காட்டுக்குள் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு? பாத்திரம் கழுவியானதும் பெண்களுக்கு அன்று முழுக்க வேலையே கிடையாது. கணவன் வீட்டில் இல்லை, பிள்ளைக்குப் பள்ளி இல்லை. பஸ் ஓட்டும் பெண்களுக்கு ஓட்டமும் இல்லை. ஹாஸ்கின்ஸ் ஊரில் பிறந்து வளர்ந்தவர்தான். ஆனால் அவருக்கு ஊர் என்றால் ஆண்கள் மட்டும்தான் போலிருக்கிறது.

டாட்டி வுல்ஃப் என்று ஒருத்தி. அப்பக் கல்லுக்கு அவள்தான் ராணி. நான் கதவைத் திறந்ததும் கரண்டியை நீட்டினாள்.

"என்ன வெர்ன், துப்பாக்கிக்கு வயசாயிடுச்சா, உனக்கு வயசாயிடுச்சா?"

"வெளிய பஸ் நிக்குது. ரோண்டாவோட கேஸு. வர்றவங்க வாங்க."

"ஏய், அடுப்பை அணைங்கடி!" என்று உள்ளே திரும்பிக் கத்தினாள். "இந்தக் கிழவன் ஓசியில ஏத்தறேங்கறான். இது இன்னொரு தடவை நடக்காது!"

ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஏறினார்கள். வண்டி முழுக்கச் சாஸேஜ் வாசனை. அந்த வாசனை போக ஒரு மாதம் ஆனது.

விசாரணை நடந்தது தொடக்கப் பள்ளி நூலகத்தில். இருந்ததெல்லாம் சின்னப் பிள்ளைகளின் நாற்காலிகள். தலைநகரத்து வக்கீல் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார். விசாரணை அதிகாரி திருமதி அடேர், நரைத்த தலை, முன்னால் ஒரு ஒலிப்பதிவுக் கருவி. நாற்பது பெண்கள் வரிசையாக உள்ளே நுழைந்ததும் வக்கீல் எழுந்தார்.

"இவங்கல்லாம் யாரு?"

"பொதுமக்கள்" என்றாள் ரோண்டா. அவளுக்கு வக்கீல் இல்லை. கல்யாணங்களுக்குப் போடும் நீலச் சட்டை போட்டிருந்தாள். பக்கத்தில் டெஸ்ஸா, நூலகத்து அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி மடியில் வைத்திருந்தாள்.

"இது திறந்த விசாரணை. உட்காருங்க" என்றார் திருமதி அடேர். நாற்காலி போதாமல் பாதிப் பேர் தரையில் உட்கார்ந்தார்கள்.

பள்ளியின் முதல் சாட்சி தலைமையாசிரியர் டேல் பிஷெல். நல்ல ஆள், பிள்ளைகளுக்குப் பிடித்தவர். டெஸ்ஸாவின் எல்லா அம்சங்களையும் அவர் பரிசீலித்தார் என்பதுதான் பள்ளியின் வாதம். என்ன கேட்பேன், என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வக்கீல் அவரை ஏழு மணிக்கே வரச் சொல்லியிருந்தார். டேல் வரவில்லை. எட்டு மணிக்கும் வரவில்லை. ஹாஸ்கின்ஸ் வாசலுக்கும் உள்ளேயுமாக நடந்தார்.

"போன் போட்டுப் பாருங்க" என்றார் வக்கீல்.

"எடுக்காது. மலைக்குள்ள சிக்னல் இல்ல."

"மலைக்குள்ள அவருக்கு என்ன வேலை?"

தரையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. ஹாஸ்கின்ஸ் மறுபடி வாசலுக்கு நடந்தார். சூரியன் வந்ததும் இறங்கி வந்துவிடுகிறேன் என்று டேல் சொல்லியிருப்பார், இவரும் நம்பியிருப்பார். முதல் நாளில் பரண் மேல் ஏறியவன் இறங்குவானா?

அதனால் உளவியலாளரை முதலில் விசாரித்தார்கள். நூற்று இருபத்தேழு என்றார். ரோண்டா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த மெதுவாச் செஞ்ச பகுதியில அவ எதையாவது தப்பாச் செஞ்சாளா?"

அவர் தாளைப் பார்த்தார். "தப்பு இல்ல. எல்லாம் சரி. நேரம்தான் முடிஞ்சுபோச்சு."

அந்த நேரத்தில் கதவு திறந்தது. ஆரஞ்சுச் சட்டை, ஆரஞ்சுத் தொப்பி, பூட்ஸில் சேறு, கைமடிப்பில் ரத்தம். டேல் பிஷெல். முகம் முழுக்கச் சிரிப்பு.

"மன்னிக்கணும், மன்னிக்கணும்... எட்டுக் கிளை!"

நாற்பது பெண்களும் கைதட்டினார்கள். ஒலிப்பதிவில் அதுவும் இருக்கிறது.

"எங்கடா அடிச்ச, டேல்?" என்றாள் டாட்டி.

"ஆஷ் ரன் ஓடைக்கு மேல. இழுத்துட்டு வர்றதுக்குள்ள..."

"அமைதி" என்றார் திருமதி அடேர். அவருக்கும் சிரிப்பில் உதடு துடித்தது. "கையைக் கழுவிட்டு வந்து உண்மை சொல்வேன்னு உறுதி எடுங்க."

டேல் கழுவிவிட்டு வந்து, உறுதி எடுத்து உட்கார்ந்தார். வக்கீல் பல்லைக் கடித்துக்கொண்டு, அவரைத் தனியாகப் பார்க்க ஐந்து நிமிடம் கேட்டார். உறுதி எடுத்தாகிவிட்டது, கேளுங்கள் என்றார் அதிகாரி.

"திரு பிஷெல், டெஸ்ஸா விஷயத்துல நீங்க மதிப்பெண்ணை மட்டும் பாக்காம, எல்லா அம்சத்தையும் பரிசீலிச்சீங்க, இல்லையா?"

ஆம் என்று ஒரு சொல் போதும். ஆனால் முதல் நாள் காலையில் எட்டுக் கிளை அடித்துவிட்டு வந்த மனிதனுக்குப் பொய் எங்கே வரும்?

"எல்லாத்தையுமா? அப்படியெல்லாம் இல்லைங்க. நம்பர் வரும், பாப்போம். நூத்தி முப்பதுக்குக் கீழன்னா ஃபைலை மூடிடுவோம். நான் வந்ததுலேர்ந்து அப்படித்தானே?" என்று ஹாஸ்கின்ஸைப் பார்த்துக் கேட்டார், நினைவுபடுத்துகிற மாதிரி.

ஹாஸ்கின்ஸ் நூலகக் கூரையைப் பார்த்தார். வக்கீல், மேற்கொண்டு கேள்வி இல்லை என்றார். ரோண்டா எழுந்தாள்.

"டேல், இவளோட டீச்சர்கிட்டக் கேட்டீங்களா?"

"இல்ல ரோண்டா. ஆனா கேக்காமலே சொல்லுவாங்க. அஞ்சாம் கிளாஸ் கணக்குப் புத்தகத்தை முடிச்சிட்டான்னு ஒரு தடவை சாப்பாட்டு நேரத்துல சொன்னாங்க."

"உங்களுக்கு அது தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் என் பொண்ணு ஏன் பென்சில் சீவிட்டு இருந்தா?"

டேலின் சிரிப்பு போய்விட்டது. தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்தார். டெஸ்ஸா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.



கடைசியாக ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அதிகாரி ரோண்டாவைக் கேட்டார். வீட்டில் எழுதி வைத்திருந்த தாளை எடுத்தாள், பார்த்தாள், மடித்து வைத்துவிட்டாள்.

"லிஃப்ட் வெச்ச பஸ்ஸை நான்தான் ஓட்டறேன். அதுல ஒரு பையன் தினமும் வீல்சேரோட ஏறுவான். அவங்கம்மா யார்கிட்டயும் கும்பிட்டு நிக்கறதில்ல. அது தயவு இல்ல, சட்டம். இதுவும் அதே மாதிரி ஒரு சட்டம்தான். ஆனா இதைக் கேட்டா மட்டும் என்னைப் பெருமை புடிச்சவங்கறாங்க. ஆமா, பெருமைதான்! ஆனா நான் பெருமைக்காக வரல. இவ இனிமே சீவினா அவ பென்சிலை மட்டும் சீவட்டும். அவ்வளவுதான்."

டாட்டி ஏப்ரனால் மூக்கைச் சிந்தினாள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், பனி எப்படி விழுகிறது என்று பார்க்க.

தீர்ப்பு ஜனவரியில் வந்தது. மாவட்டம் செய்தது தவறு. ஒரு எண்ணை மட்டும் வைத்துக் கோப்பை மூடச் சட்டத்தில் இடமில்லை. டெஸ்ஸாவுக்கு உடனே திட்டம் எழுத வேண்டும். வெளி உளவியலாளருக்கு ஆன செலவையும் மாவட்டமே தர வேண்டும். பிப்ரவரியிலிருந்து டெஸ்ஸா கணக்குப் பாடத்துக்கு மட்டும் மேட்டுக்கு மேலே இருக்கும் பெரிய பள்ளிக்குப் போனாள். நடுப்பகலில் அழைத்துப்போக ஒரு வண்டி தேவைப்பட்டது. நான்தான் விட்டேன். கட்டணத்தில் ஒரு சென்ட் குறைக்கவில்லை.

பெரிய வகுப்புப் பையன்கள் முதல் வாரம் அவளைச் சுண்டெலி என்றார்கள். அடுத்த வாரம் அவள் பக்கத்தில் உட்கார இடம் பிடித்தார்கள். மற்ற தாய்மார்கள் ரோண்டாவின் பஸ் கதவருகே வந்து நிற்கத் தொடங்கினார்கள். என்ன எழுத வேண்டும், யாரிடம் கொடுக்க வேண்டும் என்று அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே சொல்லுவாள். வசந்தத்துக்குள் மூடிக் கிடந்த இன்னும் சில பிள்ளைகளின் கோப்புகளைப் பள்ளி திறக்க வேண்டியதாயிற்று. டெஸ்ஸா பிற்பாடு என்னவாக ஆனாள் என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். நான் சொல்வதில்லை. சொன்னால், பெரிய ஆளாக ஆனால்தான் அந்த வழக்கு நியாயம் என்றாகிவிடும். அவளுக்கு அப்போது ஒன்பது வயது, சும்மா உட்கார வைத்தார்கள், அது தப்பு. அதற்கு மேல் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாவட்டம் பணத்தை மட்டும் இழுத்தடித்தது. இன்று, நாளை, கையெழுத்து ஆகவில்லை என்றார்கள். ரோண்டா வாரம் தவறாமல் போய் நின்றாள். காசோலை கையில் வந்தபோது மே மாதம் ஆகிவிட்டது. அதே வாரம் போர்டு கூட்டம், அதில் என் ஒப்பந்தம்.

இப்போதே சொல்லிவிடுகிறேன், அந்த வருஷம் என்னிடமிருந்து இரண்டு ரூட்டைப் பிடுங்கினார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் பைன் ஹாலோ மேட்டில் புது ஆளின் பஸ் பள்ளத்தில் இறங்கி நின்றது. பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. இரண்டு ரூட்டும் என்னிடமே திரும்பி வந்தன, கூடுதல் விலைக்கு.

ஆனால் அந்தக் கூட்டம். ஹாஸ்கின்ஸ் எழுந்து, வாக்கெடுப்புக்கு முன் ஒரு விஷயம் என்றார். "நம்ம மாவட்டத்துக்கு எதிரான வழக்குக்கு நம்ம ஒப்பந்தக்காரர் ஒருத்தரே பணம் குடுத்திருக்கார். அன்பளிப்பா. இது சரியான்னு போர்டு யோசிக்கணும்."

கூடத்தில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் வாயைத் திறப்பதற்குள் பின் வரிசையிலிருந்து பூட்ஸ் சத்தம். ரோண்டா நேராக நடந்து வந்து என் முன்னால் நின்றாள். கையில் வங்கி உறை.

"கையை நீட்டுங்க, மொதலாளி."

"இங்கயா?"

"இங்கதான். அன்பளிப்பாமே. எல்லாரும் பாக்கட்டும்."

நான் எழுந்து நின்று கையை விரித்தேன். உறையிலிருந்து முதல் தாளை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். "நூறு." அடுத்தது. "இருநூறு." சத்தமாக எண்ணினாள், பஸ்ஸில் பிள்ளைகளை எண்ணுகிற குரலில்.

தலைவர் சுத்தியலால் மேசையைத் தட்டினார். "மிஸ் கெப்ஹார்ட், இது கூட்டத்தோட நிகழ்ச்சி நிரல்ல இல்ல."

"செத்த இருங்க சார், எண்ணிட்டு இருக்கேன். விட்டுட்டா மொதல்லேர்ந்து எண்ணணும். அப்புறம் எல்லாருக்கும் நேரமாகும்."

சுத்தியல் நின்றது. ஹாஸ்கின்ஸ் உட்கார்ந்தார். அறுநூறு. எழுநூறு. மாவட்டத்தின் பணம், புதுத் தாள்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஒவ்வொன்றையும் விரலால் தேய்த்துப் பிரித்து வைத்தாள். ஆயிரத்து இருநூறு. ஆயிரத்து முந்நூறு. கடைசித் தாளை என் உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினாள்.

"ஆயிரத்து நானூறு."